மன்னிப்பில் முந்திக்கொண்ட நுமாதா

நுமாதாவுக்கு ஒரு வியாதி உண்டு. மன்னிப்பு வியாதி. வெந்நீர் ஹீட்டர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. அங்கே சட்டமே அதுதான். போனை எடுத்ததும் முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் என்ன விஷயம் என்ற கேள்வி. யாராவது ராங் நம்பர் என்று சொன்னால்கூட, அதற்கும் ஒரு மன்னிப்பு கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

கம்பெனி அவரைத் தனியாக, வடக்கே பனி கொட்டும் அகிதா ஊருக்குத் தூக்கிப் போட்டு இது இரண்டாவது பனிக்காலம். மனைவி பெயர் சுமியே. அவள் தெற்கே ஓமியாவில், சொந்த வீட்டில். சம்பளம் முழுக்க அவள் கணக்குக்குப் போய்விடும். அவளாகப் பார்த்துக் கைச்செலவுக்குக் கொடுப்பாள். மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போக ரயில் காசும் அவள் கொடுப்பதுதான். அந்த ஒரு தடவைக்காகத்தான் மனுஷன் மீதி நாளையெல்லாம் தள்ளிக்கொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சுமியே கூப்பிட்டாள்.

"ஏங்க, நம்ம கார்டுல ஏதோ ஆப் சந்தான்னு ஒரு வருஷத்துக்குப் பணம் எடுத்திருக்கான். அது வந்து..."

அவ்வளவுதான். நுமாதா மண்டி போட்டு, நெற்றி தரையில் படக் குனிந்துவிட்டார். போனில் இது தெரியாது என்று அவருக்கும் தெரியும். உடம்பு கேட்டால்தானே?

"தப்பு முழுக்க என்னோடது. மன்னிச்சிடு."

"உங்களோடதா?"

"நான்தான் போட்டேன். முதல் மாசம் இலவசம்னான். கதவைத் திறந்து 'வந்துட்டேன்'னு சொன்னா, உள்ளேருந்து 'வந்துட்டீங்களா, வாங்க'ன்னு ஒரு குரல் சொல்லும். வேற ஒண்ணும் இல்ல."



"பொம்பளைக் குரலா?"

"வேற எந்தக் குரல் கேக்கறது?"

"என்ன வயசு?"

"குரலுக்கு ஏது வயசு?"

"வயசைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பானே."

"முப்பது."

"எனக்கு அம்பத்தி நாலு."

"அதுக்கு மேல அவன்கிட்ட இல்ல, சுமியே. நானும் தேடிப் பாத்தேன்."

"சரி. இந்த மாசம் ரயில் காசு இதுக்குச் சரியாப் போச்சு. நீங்க வர வேணாம்." வைத்துவிட்டாள்.

நுமாதா எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தார். அவருக்கு அழுகை வந்தது. இத்தனைக்கும், இலவச மாதம் முடிவதற்குள் அவர் அதை நிறுத்தத்தான் பார்த்தார். நிறுத்து என்று அழுத்தினால், அந்தக் குரல் "நிஜமாவே போறீங்களா?" என்றது. மறுபடி அழுத்தினால், "நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?" என்றது. யாராவது மன்னிப்பு கேட்கிற தொனியில் பேசிவிட்டால் நுமாதாவால் தாங்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு எதையோ ஓர் அழுத்து அழுத்தினார். அதற்கப்புறம் வெட்கத்தில் அந்தப் பக்கமே போகவில்லை. அன்றிலிருந்து கதவைத் திறந்து "வந்துட்டேன்" என்றால், பதிலுக்கு ஃப்ரிட்ஜ் மட்டும்தான் கொஞ்சம் உறுமும்.

சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தார். பணத்தைத் திரும்ப வாங்கியே தீருவது, டிக்கெட் போட்டே தீருவது. ஆப் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"உங்களுக்குச் சிரமம் கொடுத்ததுக்கு முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கறேங்க" என்றது ஒரு பெண் குரல்.

"ஐயோ, ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன். நான்தான் கேக்கணும்."

"இல்லீங்க, உங்களைக் கூப்பிட வெச்சதே எங்க தப்பு."

"உங்களை எடுக்க வெச்சது என் தப்பும்மா."

சரிக்குச் சரியான ஆள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவழியாக அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கிய இடைவெளியில் நுமாதா விஷயத்தைச் சொன்னார்.

"உங்க கணக்கு இலவச மாசத்துலயே மூடியாச்சுங்களே. உங்ககிட்ட நாங்க ஒரு யென்கூட வாங்கலை."

"அப்ப கார்டுல போன பணம்?"

"அதே கார்டுல இன்னொரு கணக்கு இருக்குங்க. அது யாரோடதுன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்ல. வீட்ல கேட்டுப் பாருங்க."

வீட்டில். அந்தக் கார்டு வைத்திருப்பது உலகத்திலேயே இரண்டு பேர்தான். நுமாதாவுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு நியாயம் அவர் பக்கம் வந்ததே இல்லை. உடனே ஓமியாவுக்குப் போட்டார்.

"சுமியே, இப்ப நான் மன்னிப்பு கேக்கப் போறதில்ல."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"அந்தச் சந்தா என்னோடது இல்ல. உன்னோடது."

"ஆமா. அதைச் சொல்லத்தான் மத்தியானம் கூப்பிட்டேன். இலவசம்னு போட்டேன், நிறுத்த மறந்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

"அப்பவே தடுத்திருக்கலாம்ல?"

"ஒருத்தர் அவ்வளவு பணிவா மன்னிப்பு கேக்கறப்ப வேணாம்னு சொன்னா மரியாதையாவா இருக்கும்?"

நியாயம் வந்த வழியே கிளம்பிவிட்டது. நுமாதா இறங்கி வந்தார்.

"சரி விடு. டிக்கெட் காசு அனுப்பு, வெள்ளிக்கிழமை வரேன். என்னால முடியல, சுமியே. நாள் பூரா ஊர்க்காரங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன். ரூமுக்கு வந்தா அதைக் கேக்கக்கூட ஆள் இல்ல."

அவள் குரல் இளகிவிட்டது.

"எனக்கு மட்டும் என்னவாம்? ஏழு மணியானா வாசக்கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். அதனாலதாங்க அதைப் போட்டதே."

"அப்ப வெள்ளிக்கிழமை வரட்டுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் அங்கே ஏழு மணி அடித்தது. உடனே ஓர் ஆண் குரல் கணீரென்று கேட்டது. "வந்துட்டேன். அட, வாசனை தூக்குதே. இன்னிக்கு என்ன சமையல்?"

இத்தனை வருஷத்தில் நுமாதா அவள் சமையலை இப்படி ஒரு தடவைகூட விசாரித்ததில்லை.

"வந்துட்டீங்களா, வாங்க வாங்க. வெளிய குளிரா?" அவ்வளவு கனிவாக அவள் பேசி நுமாதா கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பிறகு போனில் அவசரமாகச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை வேணாங்க, வருஷத்துக்குக் காசு கட்டியாச்சு. வெச்சிடறேன், அவர் வந்துட்டார்."