மூன்று தலை பிளம்பருக்கு விடுப்பு

உலகில் இதுவரை நடந்த நிர்வாகச் சாதனைகள் அத்தனையும், எங்கள் தெருமுனை அலுவலகத்தின் கண்காணிப்பாளர் 'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற முத்திரை குத்திய கணினி விளையாட்டை வாங்கிய அன்றோடு பழங்கதையாகிவிட்டன.

முத்திரையைப் பார்த்த அவர் மனைவி கேட்டாராம்: "வயசு வந்தவங்களுக்குன்னுல்ல போட்டிருக்கு? நீங்க ஏன் வாங்கினீங்க?"

யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். விண்வெளியில் மிதக்கும் ஒரு விடுதி. அதற்கு இவர் மேலாளர். பணியாளர்கள் காதலித்தால் அறைக்கதவு சாத்திக்கொள்ளும், சன்னலில் நாலு இதயம் பறக்கும். முத்திரை அதற்குத்தான். மற்றதெல்லாம் விடுப்பு விண்ணப்பமும் அடைத்துக்கொண்ட கழிப்பறையும். அலுவலகத்தில் செய்யாத வேலை முழுவதையும், அலுவலகத்தில் உட்கார்ந்தே, அந்த விடுதியில் செய்து முடித்தார்.

அன்று மதியம், இணையத்தில் போடுவதற்காக அந்த விளையாட்டின் 'நிறைகுறை அறிக்கை'யைத் தட்டிக்கொண்டிருந்தார்.

'நிறை: ஒவ்வொரு பணியாளரின் தலைக்கு மேலும் ஒரு கோடு. மனம் குளிர்ந்தால் பச்சை, நொந்தால் சிவப்பு. நிர்வாகி ஒரே பார்வையில் அறியலாம். குறை: விடுப்பு மறுத்தால் பணியாளர் வேலையை விட்டே போய்விடுகிறார். நம்பும்படி இல்லை.'

தட்டச்சுப் பிரிவு அம்மாள் மேசைமுன் வந்து நின்றார்.

"சார், நாளைக்கு எம்பொண்ணுக்குப் பிரசவத் தேதி. லீவு லெட்டர் குடுத்துப் பத்து நாளாச்சு. ஆறு மணி பஸ்ஸை விட்டா நாளைக்குப் போய்ச் சேர முடியாது."

"பரிசீலனையில இருக்கும்மா."

"யாரு சார் பரிசீலிக்கிறது?"

"நான்தான்."

அந்த நேரம் பார்த்துத் திரையில், விடுதியின் கழிப்பறைகளைப் பார்த்துக்கொள்ளும் மூன்று தலை பிளம்பரின் கோடு சிவந்தது. கண்காணிப்பாளர் பதறிப்போனார். தலைக்கு ஒரு வாரம் என்று மூன்று வாரம் விடுப்பை வாரி வழங்கினார். "பாவம்மா, குடும்பத்தை விட்டு வந்த ஆளு."

அம்மாள் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நேரே தன் இடத்துக்குப் போய், சிவப்புக் கோப்பு அட்டையில் ஒரு பட்டை வெட்டி, தலைக்கு மேல் தெரியும்படி கொண்டையில் செருகிக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஐயையோ! என்னம்மா இப்படிச் செவந்து கிடக்கு!" கண்காணிப்பாளர் எழுந்தே விட்டார். கையெழுத்து விழுந்தது, முத்திரை விழுந்தது, கூடுதலாக இரண்டு நாளும் விழுந்தது. "இவ்வளவு கஷ்டத்தை வச்சுக்கிட்டு முன்னாடியே காட்டக் கூடாதா?"

அம்மாள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"பத்து நாளா காட்டிக்கிட்டுதான் சார் நின்னேன். என்ன செய்ய, அப்ப எங்கிட்ட மூஞ்சி மட்டும்தானே இருந்துச்சு."