அம்புக்குறியை மீறக் கூடாது

பள்ளியின் பின்கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு லாரி ஜல்லி மலைபோலக் கிடந்தது. அதன் உச்சியில் உட்கார்ந்து மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், இதை யாரு இங்க கொட்டச் சொன்னது?" என்றார் விசில் மாஸ்டர்.

பிள்ளைகள் வைத்த பெயர் அது. உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில் தொங்காவிட்டால் அவர் மனைவிக்கே அடையாளம் தெரிவது கஷ்டம்.

"தாளாளரம்மாதான் சார். பன்னெண்டு மணிக்கு உங்க மைதானத்துல புதுக் கட்டடத்துக்கு முளை அடிக்கிறாங்களாமே. அடிச்ச கையோட வேலையை ஆரம்பிக்கணும்னாங்க."

"அது இன்னும் முடிவாகலய்யா. முந்நூறு குடும்பம் வந்தாத்தான் முளை. வர்றவங்க எல்லாம் இந்தக் கேட்டு வழியாத்தான் வெளிய போகணும். எடு இதை."

"சாயங்காலம் எடுக்கிறேன் சார்."

"இப்பவே."

"மத்தியானம்."

"சரி, பாதிக் கேட்டாவது விடு."

"கால் கேட்டு. அதுவும் முளை அடிச்சப்புறம்."

"ஒரே ஒரு ஆள் போற அளவுக்கு?"

மேஸ்திரி ஜல்லியை ஏற இறங்கப் பார்த்தார். "ஒல்லியான ஆளா இருந்தா ஏறிக் குதிக்கலாம் சார்."

மணி எட்டு நாற்பது. ஒன்பதுக்குக் குடும்பங்கள் வரத் தொடங்கிவிடும்.

அந்த உயர்நிலைப் பள்ளி வளர்ந்துகொண்டே இருந்தது. அது வளர வளர மைதானம் மட்டும் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகிவிட்டது. நீளம் தாண்டும் மணற்குழி சைக்கிள் நிறுத்தமானது. வாலிபால் ஆடிய இடத்தில் ஆய்வகம் எழும்பியது. கூடைப்பந்துக் கம்பத்தைப் பிடுங்கச் சோம்பல்பட்டு அதைச் சுற்றியே ஆசிரியர் ஓய்வறையைக் கட்டிவிட்டார்கள். மழைக்காலத்தில் அந்த வளையத்தில்தான் எல்லாரும் குடை மாட்டுவார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு வட்ட ஓடுபாதை. அதுவும் போனால் அடுத்த வருஷம் ஓட்டப்பந்தயத்தை மாடிப்படியில்தான் நடத்த வேண்டும்.

தாளாளரம்மா ஆசிரியர் கூட்டத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார். "புது வருஷத்துக்குச் சேர வர்ற குடும்பங்களை வரவேற்கிற நாள் அன்னிக்குக் கணக்கெடுங்க. முந்நூறு தாண்டினா மைதானத்துல மூணு மாடி. தாண்டலைன்னா பழைய கட்டடத்து மேல ஒரு மாடி போதும்."

அப்போது எழுந்து நின்று, "வரவேற்புப் பொறுப்பை நான் எடுத்துக்கறேன்" என்றவர் விசில் மாஸ்டர்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு எதுக்கு சார் இது?" என்றார் தலைமையாசிரியர்.

"குடும்பங்கள்னா எனக்கு உயிர் சார்."

உயிர்தான், ஓடுபாதையின் உயிர். கடைக்கு வந்தவனை உட்கார வைத்துப் பேசினால் அவன் போன் போட்டு மச்சானையும் வரச் சொல்வான். நிற்க வைத்தே அனுப்பிவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவான். பள்ளிக்கும் அதேதான். ரசிக்க நேரம் கொடுக்காமல், வந்த வேகத்தில் வெளியே தள்ளிவிட வேண்டும். மச்சான்மார்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

இதற்காக முந்தின நாளே பதினெட்டு அம்புக்குறிப் பலகைகளை அவர் கையாலேயே எழுதி நட்டிருந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து வருகிறவர்களுக்காகச் சந்து முனையில் வாசலைக் காட்டியபடி ஒன்று, வாசலில் இரண்டு, அரங்கத்துக்கு மூன்று, ஆய்வகத்துக்கு, நூலகத்துக்கு, கடைசியாகப் பின்கேட்டுக்கு நான்கு. இப்போது அந்த நான்கும் ஜல்லியைக் காட்டிக்கொண்டு நின்றன.

விசில் மாஸ்டர் யோசிக்கிற ஆள் இல்லை, ஓடுகிற ஆள். ஓடிப்போய் நான்கு பலகைகளையும் பிடுங்கினார். மைதானத்தின் ஓரமாகச் சந்துப் பக்கம் திறக்கும் சின்னக் கதவு ஒன்று இருந்தது. பலகைகளை அதை நோக்கித் திருப்பி நட்டார். மைக்கைப் பிடித்து அறிவித்தார்:

"அன்பான குடும்பங்களே! வருக, வருக! அம்புக்குறி காட்டும் வழியில் மட்டும் செல்லவும். எங்கும் நிற்கக் கூடாது. அம்புக்குறியை மீறுகிறவர்கள் பெயர் குறித்து வைக்கப்படும்!"

வரவேற்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஒன்பதரைக்கு வாசலுக்குப் போனார். அங்கே குட்டை மேஜை போட்டு, நோட்டில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்திருந்தார் கணக்கு டீச்சர்.

"எத்தனை டீச்சர்?"

"நாற்பத்திரண்டு குடும்பம்."

விசில் மாஸ்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அவ்வளவுதானா? சரியா எண்ணினீங்களா? நிமிர்ந்தே பார்க்க மாட்டேங்கறீங்க?"

"முகத்தைப் பார்த்தா பேச்சுக் குடுப்பாங்க சார், எண்ணிக்கை தப்பிடும். நான் காலை மட்டும்தான் எண்ணுவேன். மொத்தக் காலை ஆறால வகுத்தா குடும்பம். ஒருத்தர் கைத்தடியோட வந்தார். அதைக் கழிச்சிட்டேன்."

பத்து மணிக்குத் திரும்பப் போனபோது டீச்சர் சொன்னார்: "எண்பத்தி நாலு."

"என்னது! பத்து நிமிஷமா வாசல்ல ஈ காக்கா இல்லையே!"

"ஓய்ஞ்சிடுச்சின்னுதான் நானும் நினைச்சேன். திடீர்னு ஒரு அலை. இன்னொரு கைத்தடிகூட வந்தது."

மச்சான்மார்கள் கிளம்பிவிட்டார்கள். விசில் மாஸ்டர் அரங்கத்துக்கு ஓடினார்.

மேடையில் தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். தன் பேச்சில் தானே சொக்கிவிடுவார். இருபது நிமிஷப் பேச்சு. கீழே குடும்பங்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன.

உட்கார்ந்தால்தானே போன் போடுவார்கள்? அந்தக் கூட்டம் வெளியேறியதும் விசில் மாஸ்டர் நாற்காலிகளையெல்லாம் மடக்கி மேடைக்கு அடியில் தள்ளினார்.

"பேச்சை அஞ்சு நிமிஷத்துல முடிங்க சார். நிக்கிறாங்க பாவம்."

தலைமையாசிரியர் கோபப்படவில்லை. முகம் பூரித்துப்போயிருந்தது. "சார், இந்த வருஷம் வர்ற குடும்பங்க மகா கெட்டிக்காரங்க! 'சின்ன வயசில் நான் கணக்கில்...'னுதான் ஆரம்பிச்சேன். 'சைபர்!'னு மொத்தக் கூட்டமும் முடிச்சிடுச்சு. ஜோக்கைச் சொல்றதுக்கு முன்னாடியே சிரிக்கிறாங்க சார்! இருபத்தஞ்சு வருஷத்துல சொன்னப்புறம்கூட யாரும் சிரிச்சதில்ல."

நாற்காலி போனதும் வரிசை விறுவிறுவென நகர்ந்தது. எண்ணிக்கை அதைவிட வேகமாக நகர்ந்தது.

"நூத்தி இருபத்தாறு" என்றார் கணக்கு டீச்சர். சற்று நேரம் கழித்து, "நூத்தி அறுபத்தெட்டு. என்ன அழகு பாருங்க சார், எப்ப எண்ணினாலும் நாற்பத்திரண்டால மீதியில்லாம வகுபடுது. இப்படி ஒழுங்கா வர்ற கூட்டத்தை நான் பார்த்ததே இல்ல."

"நான் தூக்கு மாட்டாத குறையா நிக்கிறேன், நீங்க அழகு பார்க்கறீங்களா?"

"கைத்தடியும் நாலாச்சு. நாலுக்குமே அடியில சிவப்பு ரப்பர். இப்ப அதுதான் ஃபேஷன் போல."

எங்கேதான் நேரம் போகிறது? விசில் மாஸ்டர் நூலகத்துக்குப் பாய்ந்தார். அங்கே கேன்டீன் அக்கா குடும்பங்களுக்கு ஜூஸ் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துக்கா! ஜூஸ் குடுத்தா சொந்தக்காரங்களையெல்லாம் கூப்பிடாம என்ன செய்வாங்க?"

"நல்லதாப் போச்சு தம்பி. மனுஷங்களா இவங்க? முதல் தடவையா உள்ள வர்ற ஆளு, 'எனக்கு வழக்கம்போல சர்க்கரை கம்மியா'ங்கிறாரு. என்ன திமிரு பாரு! ஒரு அம்மா, 'போன தடவை இன்னும் கெட்டியா இருந்துச்சே'ங்குது. எந்தப் போன தடவைன்னு நான் கேட்டேனா? கேட்கல. வாயை மூடிக்கிட்டுத் தண்ணியை ஊத்தினேன்."

ஜூஸ் நின்றது. நூலகம் பூட்டப்பட்டது. ஆய்வகத்துக்கும் பூட்டு. அரங்கத்தில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் வரவேற்பு மடல்களைக் கையில் கத்தையாக வைத்து விசிறிக்கொண்டு போன ஒருவரின் முதுகைப் பார்த்து விசில் மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. ஊருக்கெல்லாம் கொடுக்க அல்லவா எடுத்துப் போகிறான்! இருபது வருஷமாகப் பின்னால் நின்று விரட்டியே பழகியவருக்கு மனிதர்கள் என்றால் முதுகுதான். முன்பக்கம் ஒன்று இருப்பதை அவர் பெரிதாகக் கவனித்ததில்லை.

"இருநூத்திப் பத்து" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. பதினைந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். "இருநூத்தி ஐம்பத்திரண்டு!"

மணி பதினொன்று இருபது. இன்னும் நாற்பத்தெட்டுக் குடும்பம் வந்தால் முந்நூறு. விசில் மாஸ்டரின் கண்ணுக்கு ஓடுபாதையின் சுண்ணாம்புக் கோடுகள் கலங்கித் தெரிந்தன.

கடைசி அஸ்திரம் ஒன்று பாக்கி இருந்தது. அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அம்புக்குறிகளை மைதானத்துக்கு நடுவே இழுத்துவந்து, ஓடுபாதை வழியாக நேரே சின்னக் கதவுக்குத் திருப்பினார். விசிலை வாயில் வைத்தார்.

"பீப்! நடக்கக் கூடாது! ஓடணும்! முழங்காலைத் தூக்குங்க! அம்மா, கைப்பையை அந்தப் பக்கம் மாத்துங்க! பீப்!"

குடும்பங்கள் ஓடின. அப்பாக்கள் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அம்மாக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் முன்னால் ஓடி, "சீக்கிரம் வாங்கப்பா, பெயர் குறிச்சிடுவாங்க!" என்று கத்தினார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஓட்டமும் மோசமில்லை. இரண்டு அம்மாக்களை மாவட்டப் போட்டிக்கே அனுப்பலாம் என்று, அந்த நெருக்கடியிலும், அவருக்குத் தோன்றியது.

பத்து நிமிஷத்தில் வாசலிலிருந்து கணக்கு டீச்சரின் குரல்: "இருநூத்தித் தொண்ணூத்தி நாலு!"

"போதும்! கேட்டைச் சாத்துங்க டீச்சர்!"

"எப்படிச் சாத்தறது? ஓடி வர்றாங்க சார்! காலே கண்ணுக்குத் தெரியல, வெறும் புழுதிதான்!" அடுத்த பத்தாவது நிமிஷம் மறுபடியும் அதே குரல்: "முந்நூத்தி முப்பத்தாறு! கைத்தடி எட்டு!"

விசில், மாஸ்டரின் வாயிலிருந்து நழுவி மார்பில் விழுந்தது.

மணி பன்னிரண்டு. தாளாளரம்மா ஒரு கையில் மரமுளையும் மறு கையில் சுத்தியலுமாக மைதானத்துக்கு வந்தார். பின்னால் மேஸ்திரி. அவருக்குப் பின்னால், குரல் கட்டிப்போயும் சிரிப்பு அடங்காத தலைமையாசிரியர்.

"பிரமாதம்!" என்றார் தாளாளரம்மா. "போன வருஷம் ஐம்பது குடும்பம்கூட வரல. நீங்க பொறுப்பெடுத்தீங்க, முந்நூத்தி முப்பத்தாறு! உங்களைப் போய் வெறும் விசில்னு நினைச்சிட்டேனே. புதுக் கட்டடத்துக்கு உங்க பெயரையே வெச்சிடலாமா?"

"வேண்டாம்மா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மூணு மாடி வேண்டாம், ரெண்டு மாடி போடுங்க. ஓரமா ஒரு நூறு மீட்டர் மட்டும் விடுங்க."

"முந்நூத்தி முப்பத்தாறு குடும்பத்துக்கு ரெண்டு மாடியா?"

"ஐம்பது மீட்டர்?"

"மாஸ்டர்..."

"நேரா வேண்டாம்மா, வளைஞ்சு இருந்தாக்கூடப் பரவால்ல."

தாளாளரம்மா குனிந்து, ஓடுபாதையின் தொடக்கக் கோட்டில் சரியாக நடுவே முளையை ஊன்றினார். மேஸ்திரி அதைப் பிடித்துக்கொண்டார். சுத்தியல் உயர்ந்தது. விசில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அரங்கத்துக் கதவு திறந்து அடுத்த அணி ஓடி வந்தது. முளையையும் சுத்தியலையும் தாளாளரம்மாவையும் கண்டு எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வேர்வை வழிய, நெஞ்சு ஏறி இறங்க, அந்தச் சுத்தியல் எதற்கென்று புரியாமல் பார்த்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் முன்னால் வந்தார். ஒரு கையில் பேத்தி, மறு கையில் கைத்தடி. அடியில் சிவப்பு ரப்பர், பாதி தேய்ந்துபோய்.

அவர் தாளாளரம்மாவுக்கு முன்னால் தடியை ஊன்றி, மூச்சு வாங்க, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"அம்மா, நாங்க நாற்பத்திரண்டு குடும்பமும் ஒருத்தர்கூட விலகாம எட்டுச் சுத்து முடிச்சிட்டோம், இன்னும் எத்தனை சுத்து ஓடினா பிள்ளைங்களுக்கு இடம் உறுதின்னு சொல்லிட்டீங்கன்னா, அதுக்குத் தக்கபடி மூச்சைப் பிடிச்சுக்குவோம்."