சிசிலியின் படுவான்கரை

சிசிலித் தீவைப் பற்றி, அந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவர்களைவிட அதிகம் தெரிந்த மனிதர் ஒருவர் இந்த உலகத்தில் இருந்தார். அவர் மட்டக்களப்பில் இருந்தார். வாழைச்சேனைப் பாலத்துக்கு அப்பால் அவர் போனதாக யாருக்கும் தெரியாது. ஆனால் மெசினாவில் ரயிலை விட்டு இறங்கி எந்தப் பக்கம் திரும்பினால் கடற்காற்று வரும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

எங்கள் கந்தோரில் அவரைச் சிசிலியார் என்போம். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களை, அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவில்லை என்று நாங்களே திருப்பி அனுப்பியிருக்கிறோம். நான் அப்போது புதிதாகச் சேர்ந்த கிளாக்கர். அவருக்கும் எனக்கும் ஒரே மேசை. அதில் பாதி எனக்கு. மற்றப் பாதியில் சிசிலி விரிந்து கிடக்கும்.

சிசிலி அவர் கைக்கு வந்ததே ஒரு கோழிக்கூட்டோடுதான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது, இவர் கோழிக்கூடு ஒன்றை எடுத்தார். கூட்டுக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காக ஒரு புத்தகத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சிசிலிக்கு உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கான வழிகாட்டி அது. ஊர்கள், ஓட்டல்கள், ரயில் நேரங்கள், மடித்து வைத்த பெரிய வரைபடம் எல்லாம் இருந்தன. துரையின் கோழிகள் அதை ஏற்கெனவே படித்துவிட்டு, தென்கரை முழுவதையும் கொத்தித் தின்றிருந்தன.

"தெற்கால என்ன ஊர் ஐயா கிடக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது கோழிக்குத்தான் தெரியும்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பென்சன் எடுத்ததும் கப்பல் ஏறி, அந்தத் தீவை ஊர் ஊராகத் தங்கிச் சுற்றி வருவது அவருடைய திட்டம். காலையில் ஓர் ஊரில் தங்குவதென்று முடிவாகும். தேநீர் குடித்த பிறகு அந்த ஊர் வேண்டாம் என்றாகும். பெரும்பாலும் குளியல்தான் தடை. "தொட்டிக்குள்ள கிடந்து குளிக்கவாம் தம்பி. நான் என்ன எருமையா?" என்று ஓட்டலை மாற்றுவார். கிணறுள்ள ஓட்டல் ஒன்றைத் தேடி அந்தத் தீவையே சல்லடை போட்டார். பலெர்மோ பட்டணம் முழுவதையும் அவர் தள்ளி வைத்தது இந்த ஒரே காரணத்துக்காகத்தான்.

எங்கள் ஊரில் வாவிக்குக் கிழக்கே இருப்பது எழுவான்கரை, மேற்கே இருப்பது படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. எங்கள் ஆட்களுக்கு உலகம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். சிசிலியாரும் மெசினாவையும் கத்தானியாவையும் எழுவான்கரையில் சேர்த்தார், மார்சலாவைப் படுவான்கரையில் சேர்த்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கிழக்கே எல்லா ஊருக்கும் ஓட்டல் பார்த்தவர், மேற்கே ஓர் ஊருக்கும் பார்க்கவில்லை.

"மார்சலாவில எங்க ஐயா தங்குற?"

"படுவான்கரையில ஆராவது காசு குடுத்துத் தங்குவானா தம்பி? வயல்காரச் சனம். வழியில நிண்டாலே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய், சோறும் தயிரும் வைப்பாங்க."

"அது நம்மட படுவான்கரை ஐயா."

"சூரியன் படுற பக்கத்துச் சனம் எல்லா ஊரிலயும் ஒரே மாதிரித்தான்."

நான் பைலைத் திறந்து வேலையைப் பார்த்தேன்.

எட்னா மலையில் பனி விழும் என்று புத்தகத்தில் இருந்தது. உடனே கோட்டுத் துணிக்குச் சொல்லி வைத்தார். காத்தான்குடியிலிருந்து துணி மூட்டையோடு வீடு வீடாக வருகிற ஒருவர் இருந்தார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், எல்லாருக்கும் அவர் புடவைக் காக்கா. எங்கிருந்தோ நல்ல தடித்த கம்பளித் துணி ஒன்றைக் கொண்டுவந்து, சிசிலியார் கந்தோரில் இருந்த நேரம் பார்த்து, அவருடைய மனைவி பொன்னம்மா அக்காவிடம் கொடுத்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"இது என்னத்துக்குக் காக்கா, இந்த வெக்கைக்கு?"

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி. சிசிலியப் பாக்கப் போகக்க போடத்தானாம். கனகாலத்து ஆசை இரிக்கி எண்டார்."

சிசிலி என்பது எங்கள் பட்டணத்தில் பெண்ணின் பெயர். பறங்கிக்காரர் தெருவுக்குப் போய்க் கூப்பிட்டுப் பாருங்கள், வாசலுக்கு வாசல் ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். புடவைக் காக்கா கெட்ட எண்ணம் கொண்டவர் அல்ல. கேள்விப்பட்டதைச் சொன்னார், மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்.

பொன்னம்மா அக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. புருஷன் ஞாயிற்றுக்கிழமை மத்தியான நித்திரையில், "ரெண்டு நாள் மெசினாவோட, மூணு நாள் கத்தானியாவோட, அதுக்கு மறுகா மார்சலா" என்று புலம்புவது ஏன் என்று விளங்கியது. ஒருத்தி அல்ல, ஒரு கூட்டமே இருக்கிறது.

மாலையில் சிசிலியார் வீட்டுக்குப் போனபோது அவருடைய பெட்டி, குடை, சவரக் கண்ணாடி எல்லாம் விறாந்தையில் இருந்தன. கதவு உள்ளே பூட்டியிருந்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்த ஆண் அங்கே வந்து இருப்பவன். இருவருக்கும் ஒத்துவராவிட்டால் வெளியே போக வேண்டியவனும் அவன்தான். கோழிக்கூடு மட்டும் வெளியே வரவில்லை, கோழிகள் அக்காவுடையவை.

சொந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போகலாம். போனால் ஊர் சிரிக்கும். மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கந்தோர் வாங்குப் பலகையில் படுத்து எழும்பினார். அடுத்த நாள் மேசையில் சிசிலி இல்லை, மடிந்து பெட்டிக்குள் போயிருந்தது. அந்த மேசையின் மற்றப் பாதிப் பலகை என்ன நிறம் என்பதை அன்றுதான் நான் கண்டேன்.

"சிசிலி போனாப் போகட்டும் தம்பி. பொன்னம்மா கதவத் திறக்காட்டி நான் எங்க போவன்?" என்றார். அவருடைய குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு சமாதானம் பேசப் புறப்பட்டேன். அவர் பெட்டியோடு வேலிப் படலையடியில் நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

"அக்கா, சிசிலி ஒரு தீவு."

"தீவிலயா இருக்காள்? தீவில எந்தத் தெரு?"

எங்கள் ஊரில் தீவு என்றால் புளியந்தீவு. அரசாங்கக் கச்சேரி, கடை, பறங்கிக்காரர் தெரு எல்லாம் அங்கேதான். எங்கேயோ கிடந்த சிசிலியை நானே வாசலுக்குக் கொண்டுவந்து விட்டேன்.

"தீவில இல்லக்கா. தீவுக்குத்தான் பேர் சிசிலி."

"அப்ப மார்சலா?"

"அது படுவான்கரையில."

"அங்கயும் ஒருத்தியா?"

இனி என்னை நம்பிப் பயனில்லை என்று கண்ட சிசிலியார், படலையைத் திறந்து வந்தார். பெட்டியைத் திறந்து வரைபடத்தை எடுத்து, அந்தப் பெட்டியின் மேலேயே விரித்தார்.

"இந்தா பாரு புள்ள. இது எழுவான்கரை. இது படுவான்கரை."

அக்கா கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து குனிந்து பார்த்தார்.

"ரெண்டு கரையும் இரிக்கா?"

"ஓம். ரெண்டும் இரிக்கு."

ஒரு பெண்ணுக்கு எழுவான்கரையும் படுவான்கரையும் இருக்க முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்திருக்க வேண்டும். முகம் மெல்ல இளகியது. ஆனால் அவருக்கு இன்னொரு கேள்வி இருந்தது.

"இவ்வளவு ஊருக்கும் நீங்க தனியாவா போகப் போறீங்க?"

எங்கே குளிப்பது, எங்கே சாப்பிடுவது, எந்த மலைக்கு என்ன கோட்டு என்றெல்லாம் வருஷக் கணக்காகத் திட்டம் போட்டவர். இதை மட்டும் அவர் யோசிக்கவே இல்லை.

"நீ இவ்வளவு தூரம் வரமாட்டாய் எண்டு..."

"என்னட்ட ஆரு கேட்ட?"

சிசிலியார் தலையைக் குனிந்துகொண்டார். வரைபடத்தை மடித்துக்கொண்டே, "வாறயா?" என்றார்.

"முதல்ல பெட்டிய உள்ள எடுத்து வையுங்க" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு திட்டம் அக்காவின் கைக்குப் போனது. கோழி கொத்திய தென்கரையில்தான் முதலில் இறங்க வேண்டும் என்றார். தெரிந்த ஊருக்கு என்னத்துக்குப் போவது? எட்னா நெருப்பு மலை என்றால் அங்கே அம்மன் இருப்பா, வெளிக்கிட முதல் மச்சம் மாமிசம் விட வேண்டும் என்றார். மார்சலாச் சனம் சோறும் தயிரும் தருவதில் அவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடு போவதா? அவர்களுக்கு ஒரு பெட்டி அரியதரப் பலகாரம் கொண்டுபோவதென்று முடிவானது. "உங்கட அக்கா சேந்த பிறகுதான் தம்பி இது ஒரு பயணம் மாதிரி இரிக்கு" என்று சிசிலியார் என்னிடம் பெருமைப்பட்டார்.

பென்சன் வந்தது. அதற்குள் உலக யுத்தமும் வந்துவிட்டது. ஏறுவதற்குக் கப்பல் இல்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

சிசிலியில் நேச நாட்டுப் படைகள் இறங்கிவிட்டன என்று ஒருநாள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது. நம்முடைய பக்கம் வெல்கிறது என்று கந்தோரில் ஒரே குதூகலம். நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். தென்கரையை முழுசாகப் போட்டு, எங்கெங்கே இறங்கினார்கள் என்று அம்புக்குறி காட்டியிருந்தார்கள். சிசிலியார் அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"கத்தானியாவிலயும் குண்டு போட்டிருக்காங்களாம்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா எழும்பிப் போய்ச் சீலை மாற்றிக்கொண்டு வந்து, "கோயிலுக்குப் போவம், வாங்க" என்றார். நானும் கூடப் போனேன்.

ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "ஆருடைய பேருக்கு?" என்று கேட்டார்.

"சிசிலி" என்றார் அக்கா.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"அது தெரியாது ஐயா. மறுகா மெசினா, கத்தானியா, மார்சலா. எல்லாரும் எங்கட ஆக்கள்தான்."

ஐயர் நல்ல மனிதர். மேலே ஒன்றும் கேட்காமல், ஒரு பெயர் விடாமல் சொல்லிப் பிள்ளையாருக்குப் பூப் போட்டார். சிசிலியார் கண்ணைத் துடைக்காமலே நின்றார். நானும் கை கூப்பினேன். அந்த ஊர்கள் தப்பவேண்டும் என்றுதான் கேட்டேன். ஆனால் மனதுக்குள் இருந்ததெல்லாம் என் பக்கத்தில் நின்ற அந்த இரண்டு பேரும்தான்.