ஜெயித்த ஆட்டத்தைத் தோற்ற கதை

தோற்றவனுக்கு ஆறுதல் சொல்ல ஊரே வரும். ஜெயித்தவனிடம் 'போதும், வாயை மூடு' என்று சொல்லத்தான் ஆள் கிடைக்காது. கிடைத்திருந்தால் எனக்கு இந்த நிலைமை வந்திருக்காது.

கல்யாணமான புதிதில், அரக்கோணத்தில் நடந்த செஸ் போட்டியில் ஓர் ஆட்டம் ஜெயித்தேன். (மற்ற ஆட்டங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) ராணியையே தூக்கிக் கொடுப்பதுபோல் ஒரு தொடக்கம், போனில் வீடியோ பார்த்து மனப்பாடம் செய்தது. எதிராளி ஆசைப்பட்டு ராணியை வெட்டினார். அடுத்த இரண்டே நகர்த்தலில் அவருடைய ராஜா காலி.

ஆடிக் கிருத்திகைக்கு அம்மையார்குப்பத்திலிருந்து மாமனார் வீட்டார் வந்திருந்தார்கள். எங்கள் ஊர் மலையில் காவடி செலுத்திவிட்டு, மொட்டைத் தலையும் சந்தனமுமாகச் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார்கள். "மாப்ள எந்நேரமும் போனையே நோண்டிக்கினு கீறாரு" என்று மாமனார் என் மனைவி சுமதியிடம் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று, ஜெயித்த அந்த ஆட்டத்தை ஆடிக் காட்டப் பலகையை விரித்தேன்.

எதிராளியின் காய்களை நகர்த்த சுமதி. (அவளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்ததே நான்தான், அந்த மாதம்தான்.) நான் சொல்லச் சொல்ல நகர்த்தினாள். "இப்ப பாருங்க மாமா" என்று என் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டி, பின்னால் இருந்த என் ராணியை எதிராளியின் மந்திரி வெட்ட வழியைத் திறந்துவிட்டேன்.

"ராணிய வெட்டு."

அவள் வெட்டவில்லை.

"ஏங்க, ராணிய விட்டுட்டு, என் குதிரையால உங்க குதிரைய வெட்டினா?"

"அப்படி யாரும் ஆட மாட்டாங்க."

"நான் ஆடறனே."

ஆடினாள். என் குதிரை போனது. ராணி இன்னும் மாட்டிக்கொண்டிருக்க, அவள் குதிரை என் மந்திரியையும் குறிவைத்து நின்றது. வீடியோவில் இந்த இடமே வரவில்லை.

"முதல்லேர்ந்து ஆடுவோம்" என்றேன். மறுபடி அதே இடம், அதே குதிரை. மூன்றாம் தடவை சாமர்த்தியமாக வேறு காயை நகர்த்தி, இன்னும் சீக்கிரமாகத் தோற்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

மாமனார் மொட்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இந்த ஆட்டத்துல நீங்கதான ஜெயிச்சீங்க மாப்ள?"

"ஆங், மாமா."

"எதிர்ல ஆடினவரு நம்ம சுமதிய ஒரு வார்த்த கேட்டுகினு ஆடியிருக்கணும்."

இன்றும், ஆபீசில் மேலதிகாரியை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டதாக நான் ஆரம்பித்தால் போதும். சுமதி கையில் இருக்கும் காபியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் வந்து உட்காருவாள்.

"இருங்க, நான் அந்த ஆபீசரு. இப்ப திருப்பிக் கேளுங்க."

இதுவரை ஓர் ஆபீசரையும் நான் ஜெயித்ததில்லை.