ஏழாவது வரி

"எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை" என்று அடித்து முடிப்பதற்குள் திரை மூன்றாவது முறையாகக் கறுத்தது. சூப்பர்வைசர் விரல்களை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மேசைக்கடியில் மூலையில் கிடந்த கம்ப்யூட்டர்ப் பெட்டி தானாகவே உறுமி எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கடவுச்சொல்லைக் கேட்டது.

"மறுபடியும் போச்சா?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"போகல. போயிட்டு வந்துடுச்சு."

"வந்துடுச்சுல்ல, அப்புறம் என்ன?"

"அது மட்டும்தான் வந்துச்சு. நான் அடிச்சது வரல."

கம்பெனியின் வாக்குமூலப் படிவம் அப்படிப்பட்டது. போனில் திறக்காது, பாதியில் சேமிக்கவும் விடாது. ஒரே மூச்சில் பத்து வரியையும் அடித்துக் கடைசியில் பொத்தானை அழுத்தினால் போகும். கிடங்கு ஆபீசுக்குப் போய் அடிக்கலாமென்றால் அதை விசாரணைக்காகப் பூட்டி சீல் வைத்திருந்தார்கள். இப்போது மணி பதினொன்று. நாலு மணிக்குள் படிவம் போயாக வேண்டும், ஐந்து மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார்.

திங்கட்கிழமை குளிர்பதனக் கிடங்கில் சரக்கு லிப்ட் இரண்டாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிட்டது. உள்ளே இருந்தவன் லிப்ட் ஆபரேட்டர். ஆறடி மூன்று அங்குலம் என்பதால் எல்லாருக்கும் அவன் நெட்டை. உயிர் பிழைத்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வாக்குமூலத்தில் என்ன எழுத வேண்டும் என்று மேனேஜர் காலையிலேயே போனில் சொல்ல, சூப்பர்வைசர் அதை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தார். முதல் ஆறு வரிகளில் பெயர், பதவி, சர்வீஸ், தேதி, நேரம், லிப்ட் எண். ஏழாவது வரி: லிப்ட்டின் பிரேக் பழுது என்று எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. எட்டாவது வரி: அதை இயக்க வேண்டாம் என்று நான் எச்சரித்தும் ஆபரேட்டர் கேட்கவில்லை. பழுது என்றே தெரியாதவர் எதற்காக எச்சரித்தார் என்பதை மேனேஜரும் யோசிக்கவில்லை, எழுதிக்கொண்டவரும் யோசிக்கவில்லை.

"அவன் உங்ககிட்ட சொன்னானா இல்லையாங்கறது இப்ப விஷயம் இல்ல. சொன்னதுக்கு சாட்சி இருக்கா? இல்ல. அவ்வளவுதான். உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க," என்று மேனேஜர் முடித்திருந்தார்.

சூப்பர்வைசருக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது. இந்த வயதில் வெளியே தள்ளினால் எந்தக் கிடங்கும் தன்னைச் சேர்த்துக்கொள்ளாது என்ற பயம் திங்கட்கிழமையிலிருந்து அவரை விடவில்லை. படிவம் போய்ச் சேர்ந்தால் பழி நெட்டையின் தலையில் விழும். ஒற்றைக்காலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனுக்கு வேலையும் கிடையாது, வைத்தியத்துக்குக் கம்பெனி கைகொடுப்பதும் கிடையாது. அதை அவர் முழுசாக நினைத்துப் பார்க்காமல், அரைகுறையாக நினைத்து ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்.

மனைவி டீ கொண்டுவந்து மேசையில் வைத்தாள். டம்ளருக்குள்ளே ஸ்பூன் கிடந்தது.

"சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவர் சம்சாரம் போர்வை கேட்டுச்சு, துவைக்கப் போட்டிருக்கேன். நீங்களும் வர்றீங்களா?"

"நான் நேத்தே போய்ப் பார்த்துட்டேன்."

"பார்த்தீங்களா? என்ன சொன்னார்?"

"என்ன சொல்வான். நல்லா பேசினான்."

ஸ்பூன் டம்ளரில் கிணுகிணுத்தது. மனைவி ஸ்பூனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சமையலறைக்குத் திரும்பினாள். தெருவில் லாரி போகிறது போலும் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார். நேற்று அவர் ஆஸ்பத்திரி வாசல்வரை போனது உண்மை. அங்கே பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பியதும் உண்மை.

பெட்டி சூடாகித்தான் இப்படி ஆகிறது என்று முதலில் முடிவு செய்தார். காய் நறுக்கும் கத்தியால் திருகாணிகளை நெம்பி, மூடியைக் கழற்றி, உள்ளே வாயால் ஊதினார். எட்டு வருஷத் தூசி மொத்தமாக அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. தும்மி முடித்தபின் பெட்டியை மூலையிலிருந்து இழுத்து, கண்ணெதிரே இருக்கட்டும் என்று தன் நாற்காலிக்கு வலப்பக்கமாக, ஒயர்கள் இருக்கும் முதுகு தன்னைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டார். அதுவரை ஏழாவது வரியின் கடைசியில் போய்க்கொண்டிருந்த கம்ப்யூட்டர், இப்போது ஏழாவது வரியின் முதல் சொல்லிலேயே போனது.

"அப்ப சூடு இல்ல. கரண்ட்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீடு முழுக்கச் சுற்றி மின்விசிறிகளை நிறுத்தினார், பிரிட்ஜை நிறுத்தினார், வாஷிங் மெஷினையும் நிறுத்தினார்.

"அதுல போர்வை ஓடிட்டிருக்கு," என்றாள் மனைவி.

"அஞ்சு நிமிஷம்."

"பாதியில நிறுத்தினா அது கதவைத் திறக்காது."

அவள் சொன்னபடியே அது திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் போர்வை சோப்புத் தண்ணீரில் அமுங்கிக் கிடந்தது. அப்படியும் கம்ப்யூட்டர் அணைந்தது. எதிர்வீட்டு வாத்தியாரிடம் போய், கரண்ட் போனாலும் தாங்கும் பேட்டரிப் பெட்டியை இரவல் வாங்கி, இடுப்பு பிடித்துக்கொள்ளத் தூக்கிவந்து மாட்டினார். மாட்டி நிமிர்வதற்குள் மேனேஜர் போன் செய்தார்.

"என்ன ஆச்சு? இன்னும் வரலையே."

சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்தார். "முடிஞ்சிடுச்சு சார். ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டு அனுப்பப் போறேன்."

திரை கறுத்தது. பேட்டரிப் பெட்டி பச்சை விளக்கோடு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

பேட்டரியும் தோற்றபின் அவருக்கு வேறு சந்தேகம் வந்தது. கம்ப்யூட்டரில் சாமான் அதிகமாகிவிட்டது, சுமை தாங்காமல் படுத்துவிடுகிறது. கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவருக்குத் தோன்றக்கூடிய யோசனைதான் அது. எது பெரிய சுமை என்று தேடினார். 'படங்கள்' என்றிருந்த தொகுப்பைத் திறந்தார். முதலில் வந்தது கம்பெனி சுற்றுலாப் படம். ஆற்றைக் கடக்கப் பயந்த சூப்பர்வைசரை நெட்டை தோளில் உட்காரவைத்து, முழங்கால் தண்ணீரில் சிரித்துக்கொண்டு நடக்கிறான். அவர் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொகுப்பு மொத்தத்தையும் அழித்தார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கல்யாணப் படமெல்லாம் அதுலதானே இருக்கு, எதையும் அழிச்சுடலையே?"

"இல்லையே."

திரை கறுத்தது.

"சரியாப் போச்சு," என்று மனைவி ஒரு நெடிய பெருமூச்சோடு சொன்னாள். "மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

மெக்கானிக் வரும்போது மணி மூன்று. வயது ஐம்பதுக்குப் பக்கம், கண்ணாடி நெற்றியில், தோளில் பை. வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வீடியோவை ஓட விட்டார். இருபது நிமிஷம் எந்தப் பிசிரும் இல்லாமல் ஓடியது.

"நல்லாத்தானே இருக்கு சார்?"

"நீங்க வந்ததும் நடிக்குது."

"சரி, நீங்க ஏதாச்சும் அடிங்க."

சூப்பர்வைசர் உட்கார்ந்து, கைக்கு வந்தபடி ஆட்களின் வருகைப் பட்டியலை அடித்தார். நாற்பது பெயர். கம்ப்யூட்டர் ஒரு பெயரைக்கூட விழுங்கவில்லை. நெட்டையின் பெயருக்கு எதிரே விடுப்பு என்று அடித்தபோதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இப்ப அந்தப் படிவத்தைத் திறங்க."

திறந்தார். ஆறு வரி தாண்டியது. ஏழாவது வரியில் திரை கறுத்தது.

மெக்கானிக் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "இருபத்தஞ்சு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். எழுத்தைப் படிச்சுட்டு அணையற கம்ப்யூட்டரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். அப்படி என்ன சார் எழுதறீங்க?"

"சும்மா ஆபீஸ் விஷயம்."

எழுந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் பாதியிலேயே மறுபடி படுத்தது. ஆறிப்போன டீ டம்ளரில் ஸ்பூன் கிணுகிணுத்தது. இந்த முறை தெருவில் லாரி எதுவும் இல்லை.

மேனேஜர் மறுபடியும் போன் செய்தார். சூப்பர்வைசர் எடுக்கவில்லை. மூன்று நாற்பது.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் மெக்கானிக். "நான் கீழ இறங்கி ஒயரையெல்லாம் பார்த்துக்கிட்டே இருக்கேன். நீங்க வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே அடிங்க. எந்த சொல்லுல போகுது, அந்த நேரம் கீழ என்ன ஆகுதுன்னு ரெண்டையும் பிடிச்சுடலாம்."

"வாய்விட்டா?"

"வாய்விட்டுத்தான். என் கண்ணு ஒயர்ல இருக்கும்போது திரையை யார் பார்க்கறது?"

மெக்கானிக் டார்ச்சோடு மேசைக்கடியில் நுழைந்தார். மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள். அவளைப் போகச் சொல்ல சூப்பர்வைசருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நேரம் இல்லாததால் எதுவும் கிடைக்கவில்லை. ஏழெட்டு முறை அடித்த வரிகள் என்றாலும், இதுவரை அவற்றை எழுதிய அவர் காதே கேட்டதில்லை.

"நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிடங்கு மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன்," என்று படித்து அடித்தார்.

"நல்லாப் போகுது," என்றது மேசைக்கடி.

"சம்பவம் திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு இரண்டாம் எண் சரக்கு லிப்ட்டில் நடந்தது."

"அசையல. போங்க."

சூப்பர்வைசர் நிறுத்தினார். கடந்த இரண்டு மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நெட்டை இதே அறைக்கு வந்து, தலை இடிக்காமல் குனிந்து நுழைந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்று முறையும், 'அண்ணே, பிரேக் வழுக்குது, ஒரு நாள் என்னைக் கீழ தள்ளிடும்' என்றான். மூன்று முறையும், 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்டா' என்று அவர் சொன்னார். மூன்று முறையும் டீ கொண்டுவந்து கொடுத்தவள் இப்போது வாசற்படியில் நிற்கிறாள். சாட்சி இல்லை என்று மேனேஜர் சொன்னபோது சூப்பர்வைசரும் இவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஏன் சார் நின்னுட்டீங்க? ஏழாவதைப் படிங்க."

"லிப்ட்டின் பிரேக் பழுது என்று," என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "எனக்கு யாரும்..."

ஸ்பூன் கிணுகிணுத்தது. திரை கறுத்தது.

"பிடிச்சுட்டேன்," என்றார் மெக்கானிக். கையூன்றி வெளியே வந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல ஒரு குறையும் இல்ல. பவர் ஒயர் பெட்டி முதுகுல கொஞ்சம் தளர்ந்திருக்கு. உங்க வலது கால் ஆடி ஆடி அதுல இடிக்குது. இடிச்சதும் கரண்ட் ஒரு விநாடி விட்டுப்போகுது. காலைக் கொஞ்சம் சும்மா வச்சுக்கிட்டா போதும்."

"என் காலா? எனக்குக் காலாட்டற பழக்கமே கிடையாதே."

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே வலது கால் அவரைக் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் இரண்டு கைகளாலும் முழங்காலை அழுத்திப் பிடித்தார், அப்போதும் அது நிற்கவில்லை. மேசைமேல் போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.

மெக்கானிக் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே, வாசற்படிப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, சாருக்கு எப்பவுமே இப்படித்தான் கால் ஆடுமா?"

மனைவி கணவனையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"எப்பவும் ஆடாதுண்ணே. பொய் சொல்லும்போது மட்டும்தான்."