அறுபத்தோராவது குஞ்சு

ஒரு காலத்தில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பட்டு நெசவுத் தெருவில் எந்த வீட்டிலும் தெர்மாமீட்டர் கிடையாது. தேவைப்படவில்லை. எங்களுக்குச் சூட்டு நாயினா இருந்தார்.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் தொட்டிகளுக்கு நடுவே இருபது வருஷம் நின்றவர். வெந்த நெல்லின் மேல் இடது கன்னத்தை வைத்துப் பார்த்து, "போதும், இறக்கு" என்பாராம். மூச்சுக் கோளாறு வந்து ஆலையை விட்டார். கன்னத்தை விடவில்லை. காபி டம்ளர், காய்ச்சல்காரக் குழந்தை, வெயிலில் நின்ற சைக்கிள் சீட்டு எல்லாவற்றிலும் கன்னம் வைப்பார். அப்போது நான் அந்தத் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பழுதான ரேடியோவின் தலையில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். "சூடு இருக்குதுப்பா. உசிரு இருக்குது. பாத்துச் செய்."

எதிர்வீட்டுப் பட்டம்மாவின் மாமனார் இறந்துபோனார். பாடை கட்டி, பறையும் வந்தாயிற்று. மாலையோடு வந்த நாயினா குனிந்து கிழவரின் நெற்றியில் கன்னம் வைத்தார். எழுந்திருக்கவே இல்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"சூடு இருக்குது" என்றார்.

கிழவர் கண்ணைத் திறந்து, "ஏன்பா இத்தினி கூட்டம்?" என்று கேட்டார். அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். பட்டம்மா நாயினாவை மன்னிக்கவே இல்லை.

நாயினா குடியிருந்த வீட்டில் முன்பு தறி ஓடியது. தறியைக் கழற்றிக்கொண்டு போனவர்கள், நெய்கிறவர் காலை விட்டு மிதிக்கும் குழியை மூடாமல் போய்விட்டார்கள். கூடத்து நடுவில் வாயைத் திறந்துகொண்டு ஒரு குழி. வருகிறவர்கள் சுவரோரமாக ஒதுங்கி நடப்பார்கள். நாயினாவுக்கு மட்டும் கோழிக்குஞ்சு ஞாபகம் வந்தது.

"ரேடியோ, பெட்டைக்கோழி இல்லாம குஞ்சு வளக்கப் போறேன். பண்ணையில பொரிச்சு ஒரு நாளான குஞ்சு குடுக்கறாங்க. தாய் இல்லாத புள்ளைங்கபா. அதுங்களுக்கு வேண்டியது சூடு ஒண்ணுதான்."

"பேசாம ஒரு கோழியையே வாங்கிடேன் நாயினா."

"கோழி பத்தைத்தான் மூடும். நான் அறுபதை மூடுவேன்."

குழியின் ஒரு பாதியில் தேயிலைப் பெட்டி ஒன்றை இறக்கினோம். அடியில் உமி பரப்பினார். நான் ஒரு பல்பு தொங்கவிட்டேன். வெள்ளை வெளிச்சத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் என்று பல்பைச் சுற்றிச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டினார். குழியின் மறுபாதியில் அவரே உட்கார்ந்துகொண்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவோடு போகிறவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், தரையில் ஒரு தலை மட்டும் இருக்கும். கீழேயிருந்து சிவப்பு வெளிச்சம் அடிக்கும். அந்தத் தலை, "க்ளக்... க்ளக்... க்ளக்" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

பால்காரன் எங்கள் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

முதல் தடவை வந்த குஞ்சுகளைப் பட்டு கொன்றது. தாய்க்கோழியின் இறகு மாதிரி மெத்தென்று இருக்கட்டும் என்று, தறிக்காரர்களிடம் கழிவுப் பட்டு கேட்டு வாங்கிப் பெட்டிக்குள் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் சாக்குத் துண்டைத் தொங்கவிட்டிருப்பான். மூன்றாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்தால், அரக்குச் சிவப்பு நூலில் கழுத்து சிக்கி, மாலை தொடுத்தது போல் வரிசையாகத் தொங்கின. நாயினா ஒவ்வொன்றாகச் சிக்கெடுத்தார். ஒவ்வொன்றின் மேலும் கன்னத்தை வைத்தார். உமியின் மேல் வரிசையாகக் கிடத்தினார்.

இரண்டாம் தடவை கொன்றது நான். நான் மாட்டிய ஹோல்டரில் ஒரு கம்பி விட்டுப்போய் பல்பு அணைந்தது. குளிருக்குப் பயந்த குஞ்சுகள் ஒரே மூலையில் ஏறி ஏறி, ஒன்றின் கீழ் ஒன்று மூச்சுமுட்டிச் செத்தன. "உன் மேல தப்பு இல்லப்பா" என்றார். என் மேல்தான் தப்பு.

பெட்டி காலியாகக் கிடந்த அந்த வாரமும் குழியிலிருந்து சத்தம் வந்துகொண்டேயிருந்தது. போய்ப் பார்த்தேன். தரையில் தலை. சிவப்பு வெளிச்சம்.

"யாரைக் கூப்பிட்டுக்கினு இருக்கே நாயினா? உள்ளே ஒண்ணும் இல்லியே!"

"பழகிக்கினு இருக்கேன்பா. அடுத்ததுங்க வர்றப்போ தொண்டை தயாரா இருக்கணுமில்ல?" கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டவர், தாழ்ந்த குரலில், "சில சமயம் பதில் வருதுப்பா" என்றார்.

நான் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பட்டம்மா தெருவைத் திரட்டினாள். "செத்ததுங்க குழிக்குள்ள கத்துதுங்கமா! எங்க மாமனாரு செவனேன்னு போயிருப்பாரு, அவரை எழுப்பி வுட்டாரு. இன்னும் எத்தினியை எழுப்பி வுடுவாரோ! குழியை மூடச் சொல்லுங்க, இல்லேன்னா ஆளைப் போகச் சொல்லுங்க."

நாயினா தெரு நடுவில் நின்று சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு தடவைமா. அறுபதுல ஒண்ணு செத்தாலும் நானே குழியை மூடிட்டு வாலாஜாபாத்துக்குப் போயிடறேன்."

அங்கே அவருக்கு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாம் தடவை அறுபது குஞ்சுகள் வந்து ஐந்தாம் நாள், ஐப்பசி மழை பிடித்தது. பட்டப்பகலில் ஊர் இருட்டியது. பிற்பகலில் மின்சாரம் போனது. ஈரம் ஊறித் தறிக்குழிக்குள் அடியிலிருந்து தண்ணீர் எழும்பியது. அன்றைக்கு எந்த வீட்டிலும் தறிச்சத்தம் இல்லை. அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும் வாசல் வாசலாக வந்தது.

"சூடு குடுங்கமா... கொஞ்சம் சூடு குடுங்கமா..."

கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, மூடிய கூடையை நெஞ்சோடு அணைத்தபடி மழையில் நின்றார். முதலில் திறந்தது பட்டம்மாவின் கதவு. திட்டத்தான் திறந்தாள். கூடைக்குள் எட்டிப் பார்த்தவள், "அடப்பாவி மனுசா, நடுங்குதுங்களே! இங்க கொண்டா!" என்று பத்தை அள்ளி முந்தானைக்குள் போட்டுக்கொண்டாள். அவளுடைய மாமனார் அதில் நான்கை வாங்கித் தன் போர்வைக்குள் விட்டுக்கொண்டு, "கன்னத்தை வெச்சுப் பாத்துக்கினே இருங்கடி" என்று உத்தரவு போட்டார். ஆறு வீடுகள், வீட்டுக்குப் பத்து. நெசவாளிகள் மடியில் குஞ்சோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தும்மக்கூட இல்லை. அடைமழை என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது: தெருவே அடை உட்கார்ந்த மழை.

என் பங்குப் பத்தும் என் சட்டைக்குள் இருந்தன. ஒரு மணி நேரத்தில் அவற்றில் ஒன்று கழுத்தைத் தொங்கப்போட்டது. தொட்டேன். சில்லென்றிருந்தது. இந்தத் தடவையும் நானா? அதை வாழைச் சருகில் வைத்து அடுப்பு மேடையோரம் கிடத்தினேன். மற்ற ஒன்பதையும் என் மனைவி கோமளாவிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். ஐயம்பேட்டையில் என் அத்தை வீட்டுக் கோழி அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது.

நனைந்து திரும்பி வந்து, அங்கே வாங்கிய குஞ்சைச் சட்டையிலிருந்து வெளியே எடுத்தபோதுதான் உறைத்தது. பண்ணைக் குஞ்சு எலுமிச்சை மஞ்சள். இது நாட்டுக்குஞ்சு.

"என்னங்க இது, அணில் மாதிரி கோடு போட்டுக்கினு இருக்குது?" என்றாள் கோமளா.

"மஞ்சத்தூளை எடு."

குஞ்சுக்கு மஞ்சள் பூசி அடுப்பருகே காயவைத்தோம். அப்போது பார்த்தால், மேடையோரம் சருகு மட்டும் இருந்தது. செத்த குஞ்சைக் காணவில்லை. பூனை வந்த சுவடும் இல்லை. 

மழை விட்டு, விளக்கும் எரிந்தது. நாயினா குழித் தண்ணீரை இறைத்துவிட்டுப் பெட்டியை மறுபடி இறக்கினார். ஆறு வீட்டுக்காரர்களும் குஞ்சுகளைக் கொண்டுவந்து நாயினாவின் கூடத்தில் விட்டார்கள். ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டியில் போட்டார். முடித்தவர் மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை எண்ணும்போது அவர் உதடு காய்ந்துபோயிருந்தது.

"அறுபத்தொண்ணு" என்றார்.

 குழியின் சிவப்பு வெளிச்சம் எல்லோர் முகவாயிலும் விழுந்தது.

"செத்ததுல ஒண்ணு திரும்பி வந்துடுச்சும்மா" என்றார் நாயினா, ஒரு பிள்ளையைத் தூங்க வைக்கிற குரலில். ஒரு நிமிஷத்தில் கூடம் காலியாகிவிட்டது. முதலில் ஓடியவன் நான்.

தெருவில் பட்டம்மா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சைக்கிளில் போயிருந்தபோது நெருப்பு வாங்க எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள். கோமளா கூடத்தில் மடியில் ஒன்பதோடு உட்கார்ந்திருந்ததால் கவனிக்கவில்லை. சருகில் கிடந்த குஞ்சின் மேல் பட்டம்மா கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கிறாள். "சூடு இருந்ததுப்பா ரேடியோ. நீ கையாலதானே தொட்டே? கைக்கு இன்னா தெரியும்?" அதைத் தன் மடியில் எழுப்பி, பத்தோடு பதினொன்றாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நாயினாவிடம் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நாயினா கடைக்கு வந்தார். ரேடியோக்களின் பக்கம் போகவில்லை. நேராக என்னிடம் வந்து, குனிந்து, என் நெஞ்சில் சட்டை மேல் இடது கன்னத்தை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"சூடு இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குனிந்து பார்த்தேன். என் வெள்ளைச் சட்டையில் ஒரு கன்னம் அளவுக்கு, நாங்கள் குஞ்சுக்குப் பூசிய மஞ்சள் ஒட்டியிருந்தது.

அந்தச் சட்டையை நான் துவைக்கப் போடவில்லை.