பேரப்புலியும் எட்டாயிரம் கிலோமீட்டரும்

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் நெருப்புக்கு அடுத்தபடியாக வைக்கத் தக்கது பேரம். நெருப்பு சமைத்துத்தான் கொடுத்தது. சமைத்ததைப் பாதி விலைக்கு வாங்கிக் கொடுத்தது பேரமே. இந்தக் கலையில் எங்கள் குடும்பம் ஈட்டிய மகத்தான வெற்றி ஒன்றை வருங்காலத் தலைமுறைக்காகப் பதிவு செய்து வைக்கிறேன். நான் ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்களாகக் கூட்டக் குறிப்புகள் எழுதுகிறவன். நடந்ததைக் கூட்டியோ குறைத்தோ எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. மேலதிகாரி சொன்னால் தவிர.

வெற்றியின் நாயகர் என் மனைவியின் அண்ணன். உறவுக்காரர்கள் மத்தியில் அவருக்குப் 'பேரப்புலி' என்று பெயர். ஃப்ரிட்ஜ் வாங்கப் போன கடையில், சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு வந்தவர். அந்தக் கடிகாரம் ஓடவில்லை என்பது பொறாமைக்காரர்கள் கிளப்பும் விஷயம்.

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் விழுந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள் வீடுகளுக்குப் போய் அவர்களைத் திரும்ப நடக்க வைப்பது அவள் வேலை. மடக்குக் கட்டில், ரப்பர் பட்டைகள், கைப்பிடி வளையம் எல்லாம் காரின் பின்பக்கம்தான் குடியிருக்கும். பழைய கார் ஒரு திங்கட்கிழமை காலையில் பாலத்தின் நடுவே உயிரை விட்டது.

"எனக்கு ஓடுற கார் ஒண்ணு வேணும். அவ்வளவுதான்," என்றாள் அவள்.

இவ்வளவு சாதாரணமான ஆசையோடு ஒரு குடும்பம் முன்னேற முடியுமா? நான் உடனே மச்சானுக்கு போன் செய்தேன். அன்று மாலையே மூவர் குழு அமைந்தது. தலைவர் மச்சான், செயலாளர் நான், என் மனைவி 'உறுப்பினர்'.

"சொந்தமா வாங்கறதெல்லாம் அந்தக் காலம் மாப்ளே," என்றார் தலைவர். "இப்போ லீஸு. மாசாமாசம் கட்டு, மூணு வருஷம் ஓட்டு, திருப்பிக் குடு. வண்டி நம்மளுது இல்ல, ஆனா நம்மகிட்ட இருக்கும்."

"அப்போ லேசுதான் மச்சான்."

"லீஸை லேசா நினைக்காதீங்க. மொத்த ஆட்டமும் அந்த மேஜையிலதான். ரெண்டே விதி. அவன் குடுக்கற காபியைக் குடிக்கக் கூடாது. அவன் கேக்கற எந்தத் தகவலையும் குடுக்கக் கூடாது. தகவல்தான் ஆயுதம்."

நான் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

சனிக்கிழமை காலை ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிச் சுவர், முகம் தெரியும் தரை, தரையில் முகம் பார்த்துக்கொண்டு நிற்கும் கார்கள். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் எங்களை மேஜைக்கு அழைத்துப்போய் காபி கொடுத்தார். குழு மறுத்தது. என் மனைவி மட்டும் குடித்தாள். முதல் விதி அங்கேயே முறிந்தது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

"ஒரு நாளைக்கு உத்தேசமா எவ்வளவு தூரம் ஓடும் சார்?" என்று கேட்டார் டை கட்டியவர்.

மேஜைக்கு அடியில் மச்சானின் பூட்ஸ் என் முழங்காலைத் தொட்டது. தொட்டது என்று மரியாதைக்காகச் சொல்கிறேன்.

"அதை எதுக்கு நீங்க கேக்கறீங்க?" என்றார் மச்சான்.

"இல்ல சார், வருஷத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர்னு ஒரு வரம்பு உண்டு. எட்டாயிரம், பதினஞ்சாயிரம், இருபத்தஞ்சாயிரம்னு மூணு திட்டம் இருக்கு. வரம்பைத் தாண்டினா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனியா கட்டணும்."

"ஒரு நாளைக்கு அறு..." என்று என் மனைவி ஆரம்பித்தாள்.

மச்சான் இருமினார். அந்த இருமலில் மேஜை மேலிருந்த சின்னக் கொடி ஆடியது. "தங்கச்சி, நீ போய்க் கலர் பாத்துட்டு வா."

"கலர் என்ன அண்ணா, தூரத்தைச் சொல்லிட்டா..."

"நாங்க பேசிட்டிருக்கோம்ல, நீ போய்ப் பாரு," என்று நானும் சொன்னேன். குழுவில் ஒற்றுமை முக்கியம். அவள் ஒரு நிமிடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து கார்களின் பக்கம் போனாள்.

டை கட்டியவர் இரண்டாம் முறையும் கேட்டார். "உத்தேசமாச் சொன்னாக் கூடப் போதும் சார்."

"அது எங்க குடும்ப விஷயம்," என்றார் மச்சான்.

"சரி சார். அப்போ எட்டாயிரமே போட்டுடறேன்."

மாதத் தவணை சட்டென்று இறங்கியது. நாங்கள் இன்னும் பேரத்தையே ஆரம்பிக்கவில்லை. மச்சான் என்னைப் பார்த்த பார்வையில், போரிடாமலே கோட்டையைப் பிடித்த தளபதி தெரிந்தார்.

அடுத்தது 'மௌன உத்தி'. பதினொரு நிமிடம் யாரும் பேசவில்லை. டை கட்டியவர் அந்த நேரத்தில் வேறு இரண்டு கோப்புகளை முடித்தார். அதன்பின் 'வெளிநடப்பு உத்தி'. மச்சான் விருட்டென்று எழுந்து வாசலுக்கு நடந்தார். தானாகத் திறக்கும் கதவு, அவரைக் கண்டும் திறக்கவில்லை. அவர் அதன் முன்னால் கையை ஆட்டினார். குனிந்து நிமிர்ந்தார். டை கட்டியவர் ஓடி வந்து திறந்துவிட, எதிரி பின்னாலேயே ஓடி வந்ததாகக் கருதி, மச்சான் வெற்றியோடு மேஜைக்குத் திரும்பினார்.

"உள்ள மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்," என்று டை கட்டியவர் மூன்று முறை கண்ணாடி அறைக்குள் போனார். உள்ளே மேனேஜர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் டை கட்டியவர் அவரிடம் ஏதோ பேசிவிட்டு, துக்க வீட்டிலிருந்து வருகிறவர் போல வெளியே வந்தார். மூன்றாம் முறை குரலைத் தாழ்த்தி, "இதுக்கு மேல குறைச்சா என் வேலை போயிடும் சார்," என்றார்.

மச்சானுக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. ஒருவன் வேலை போகும் எல்லை வரை குறைத்துவிட்டோம் என்பதைவிட ஒரு கௌரவம் உண்டா? மிதியடி நான்கும் பெரிய குடை ஒன்றும் இலவசமாகப் பெற்று, கையெழுத்திட்டோம். பேரம் படிந்தது. படிக்க வேண்டியதை மட்டும் படிக்கவில்லை. ஒப்பந்தம் பதினான்கு பக்கம்.

என் மனைவி நீலம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்தாள். மண் நிறம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அது இரண்டு வருடமாக யாரும் எடுக்காத நிறம் என்பதால், அதற்கும் ஒரு தள்ளுபடி வாங்கியிருந்தோம்.

ஐந்தாம் மாதம் ஷோரூமிலிருந்து கடிதம் வந்தது. வருடம் முழுவதற்குமான எட்டாயிரம் தீரப்போகிறதாம். அவசரக் கூட்டம் சாப்பாட்டு மேஜையில் கூடியது.

"இறக்கத்துல இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு விட்டா கிலோமீட்டர் ஏறாது," என்றார் தலைவர்.

"சக்கரம் சுத்தினா ஏறும் அண்ணா."

"அப்போ ரிவர்ஸ்ல ஓட்டினா குறையணும்ல?"

இந்த விஞ்ஞானக் கருத்தை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். முடிவில் ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. மூன்றில் இரண்டு பேர் கை தூக்கினால் எங்கள் வீட்டில் அது ஏகமனது. அதன்படி, புதுக் காருக்கு 'ஓய்வு' அளிக்கப்பட்டது. அவள் மடக்குக் கட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள். கூட்டமான பஸ்களில் கட்டிலை ஏற்ற விடவில்லை. பஸ் போகாத இடங்களில் இருந்த நான்கு பேரை அவள் விட வேண்டியதாயிற்று. கார் வாசலில் நின்றது. நான் தினமும் அதைத் துடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர், "நல்லா வச்சிருக்கீங்க," என்று பாராட்டினார்.

விடப்பட்ட நால்வரில் ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தவர். ஐந்து மாதப் பயிற்சியில் சுவரைப் பிடித்து ஆறு அடி வைத்திருந்தார். மூன்று வாரம் கழித்து அவர் மகள் போனில் கூப்பிட்டாள். என் மனைவி போனை மேஜை மேல் வைத்துப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"அக்கா, அப்பா கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கறார். கால் திரும்பவும் இறுகிப்போச்சு. நீங்க இனிமே வர மாட்டீங்கன்னா சொல்லிடுங்க, அவர்கிட்ட நான் எப்படியாவது சொல்லிக்கிறேன்."

என் மனைவி போனை வைத்தாள். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அழவில்லை. "நாளைக்கு நான் ஷோரூம் போறேன். அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம்," என்றாள்.

நான் பார்வையாளராகப் போனேன்.

"ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர். வாரத்துல ஆறு நாள். நோயாளிங்க வீட்டுக்குப் போகணும்," என்றாள். காபியையும் வாங்கிக் குடித்தாள்.

டை கட்டியவர் பேனாவைக் கீழே வைத்தார். "அறுபதா? என்னம்மா இது. அன்னைக்கு இருபத்தஞ்சாயிரம் திட்டத்துக்குப் பெரிய சலுகை ஓடிட்டிருந்துச்சு. கிட்டத்தட்ட இதே தவணைக்குக் குடுத்திருப்பேன். அதனாலதான் ரெண்டு தடவை கேட்டேன்."

"இப்ப மாத்த முடியுமா?"

"மாத்தலாம். ஆனா சலுகை முடிஞ்சுபோச்சு. தவணை கூடும்."

"கூடட்டும். மேனேஜர்கிட்ட கேக்கணுமா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தயங்கினார். "வேண்டாம்மா. நான் உள்ள போனா, சாப்பாடு வந்துடுச்சான்னுதான் கேப்பேன்."

பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பதினான்கு பக்கத்தையும் படிக்க அவளுக்கு மேலும் அரைமணி ஆனது. அங்கிருந்து நேராகக் கண்டக்டர் வீட்டுக்கு ஓட்டினாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்.

"வண்டி மூணு வாரம் லேட்டு," என்றார் திரும்பாமலே.

"தப்பு என்னுதுதான் ஐயா. எழுந்திருங்க, ஏத்திட்டுப் போறேன்," என்றாள் அவள்.

தப்பு அவளுடையதல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அது யாருடையது என்று சொல்ல வேண்டிவருமே என்று மூடிக்கொண்டேன். அன்று அவர் ஓர் அடிதான் வைத்தார். அதற்கே வியர்த்துப்போய் அவள் தோளில் சாய்ந்துகொண்டார்.

மச்சானின் புகழுக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை. போன வாரம்கூட உறவுக்காரர் ஒருவர் கார் எடுக்க அவரைக் கூட்டிப்போனார்.

ஒரு சின்ன விவரம் விடுபட்டுவிட்டது. எனக்கும் மச்சானுக்கும் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸும் கிடையாது. எங்கள் குழுவில் ஓட்டத் தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். பேரம் என்றால் யாரையாவது வாயடைக்க வைக்க வேண்டும் என்பார்கள். டை கட்டியவரை எங்களால் முடியவில்லை. அதனால், வீட்டிலிருந்தே ஒருத்தியைக் கூட்டிப்போய் வாயடைத்துவிட்டு வந்தோம்.